ஐசியூவா, வீடா, ஹாஸ்பிஸா: கடைசி மாதங்களுக்கு எது சரி?

"இனிமேல் கீமோ கொடுத்துப் பிரயோஜனமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பார்த்துக்குங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்று ராத்திரி எந்த வீட்டிலும் ஒருமித்த பேச்சு இருக்காது. மூத்த மகன் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிப் பார்க்கலாம் என்பார். ஊரிலிருந்து வந்த சித்தப்பா, "எதுக்கு இழுத்தடிக்கணும், சொந்த ஊருக்குக் கொண்டு போயிடலாம்" என்பார். யாராவது ஹாஸ்பிஸ் (குணமாக்க முடியாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் வைத்துப் பார்க்கும் இடம்) என்று வாயெடுத்தால், "அங்க கொண்டு போய்த் தள்ளவா இவ்வளவு செலவு பண்ணினோம்" என்று சத்தம் கிளம்பும். மருமகள் மட்டும் எதுவும் சொல்லமாட்டார். எது முடிவானாலும் வேலை தன் தலையில்தான் விழும் என்று அவருக்குத் தெரியும்.

சென்னையில் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நோய் ஆதரவுக் குழு (நோயைக் குணமாக்க முடியாதபோதும் வலியையும் மற்ற அவதிகளையும் குறைக்கும் பாலியேட்டிவ் கேர் குழு) ஒன்றோடு தன்னார்வலராகப் போய்வருகிறேன். மருத்துவம் படித்தவன் அல்ல. செவிலியரின் பையைத் தூக்கிக்கொண்டு போவதும், குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசுவதும்தான் என் பங்கு. இந்த மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது எல்லோரும் பணத்தையும் பாசத்தையும்தான் அளவுகோலாக எடுக்கிறார்கள். நான் கேட்பது வேறு: ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் யார் எழுந்திருப்பார்கள்? எழுந்தவர் கையில் கொடுக்க வேண்டிய மருந்து இருக்கிறதா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் இடம் எது என்பது தானாகவே பாதி முடிவாகிவிடும்.

முதலில் மருந்து

முற்றிய புற்றுநோயின் கடும் வலிக்கு முதல் மருந்து மார்ஃபின் மாத்திரை. 1986இலேயே உலக சுகாதார நிறுவனம் இதற்கு வழிமுறை வகுத்துவிட்டது: வாய்வழியாக, கடிகாரம் பார்த்து, வலியின் அளவுக்கு ஏற்ப. வலி வந்தபிறகு கொடுப்பதல்ல, வருவதற்கு முன்பே கொடுப்பது. சாதாரண மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும் என்பதால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று ஐந்து வேளை. நடுராத்திரியில் எழுப்ப வேண்டாமே என்று இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டிப்பாக. நாங்கள் போகும் வீடுகளில் இந்தக் கணக்கைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி பீரோக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். கொடுத்த வேளைக்கு நேரே பேனாவால் ஒரு கோடு. கூடவே மலமிளக்கி கட்டாயம். மார்ஃபின் சாப்பிடுகிறவருக்கு மலச்சிக்கல் வந்தே தீரும். "மாத்திரை ஒத்துக்கல, நிறுத்திட்டோம்" என்று சொல்லும் வீடுகளில் விசாரித்தால் பெரும்பாலும் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

"இதைக் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்களாமே" என்று கேட்காத குடும்பம் அபூர்வம். அளவு பார்த்துப் படிப்படியாக ஏற்றினால் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. குறைந்த அளவில் மூச்சுத்திணறலுக்கே கொடுக்கிறார்கள். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மார்ஃபின் அபினியிலிருந்து எடுப்பது என்பதால், 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் அதை வைத்துக்கொள்ளவே இல்லை. 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வைத்துக்கொள்வதை எளிதாக்கினார்கள். அப்படியும் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் சீட்டைக் காட்டினால் கிடைக்காது. புற்றுநோய் மையங்கள், பெரிய அரசு மருத்துவமனைகள், நோய் ஆதரவுச் சிகிச்சை தரும் தொண்டு நிறுவனங்கள் போன்ற இடங்களில்தான் கிடைக்கும்.

இதை முதலில் சொல்லக் காரணம், "ஊருக்குக் கொண்டு போயிடலாம்" என்ற முடிவு அடிக்கடி இங்கேதான் முறிகிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் வாங்கிய மாத்திரை தீர்ந்த அன்று ஊரில் யாரிடம் வாங்குவது என்று யாரும் யோசித்திருப்பதில்லை. நன்றாக வலி அடங்கியிருந்தவர் மூன்றாம் நாள் துடிப்பார். வாடகைக் காரில் மறுபடியும் நகரத்துக்கு ஓட்டம். கிளம்புவதற்கு முன்பே மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரித்து, பழைய மருத்துவமனையிலிருந்து மருந்தளவு தெளிவாக எழுதிய கடிதத்தையும் வாங்கிக்கொண்டால் இந்த அவதி மிச்சம்.

வீடு என்றால் எந்த வீடு?

வீட்டில் இருக்கத்தான் பெரும்பாலோர் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசைக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. தமிழ்நாட்டில் இன்று அதற்கு முன்பைவிட வசதியும் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பலரும் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்று மட்டுமே நினைத்திருக்கிறார்கள். படுத்த படுக்கையானவர்களுக்கான நோய் ஆதரவுச் சேவையும் இயன்முறை சிகிச்சையும் அதிலேயே உண்டு. செவிலியர் வீட்டுக்கே வந்து படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடுவார், யூரின் டியூப் மாற்றுவார், எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று காட்டிக்கொடுப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும், காசு கிடையாது. சென்னையில் டீன் ஃபவுண்டேஷன், ஆர்எம்டி போன்ற தொண்டு அமைப்புகளும் வீட்டுக்கு வருகின்றன.

ஆனால் எந்தக் குழுவானாலும் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். மிச்ச நேரம் முழுக்க வீட்டாள்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வாய் காயும்போது ஈரத்துணியால் துடைக்க வேண்டும். டயப்பர், கஞ்சி, மாத்திரை, துவைக்கிற துணி, வந்துபோகும் சொந்தக்காரர்களுக்குக் காபி. "வீட்ல வச்சே பார்த்துக்கலாம்" என்று முடிவெடுப்பவர் ஆணாகவும் பார்த்துக்கொள்பவர் பெண்ணாகவும் இருப்பதைத்தான் நான் வீடு வீடாகப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணின் இடுப்புவலியையும் போன வேலையையும் யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. ஆகவே வீடு என்று முடிவெடுக்கிறவர்கள் ராத்திரி முறையை ஆள் ஆளாகப் பெயர் சொல்லிப் பிரித்து எழுதிவிட்டு மேலே பேசட்டும். அதில் ஒரே ஒரு பெயர்தான் வருகிறது என்றால் அந்த ஏற்பாடு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. ஹோம் நர்ஸ் வைத்துக்கொள்ளலாம்தான். ஏஜென்சிகள் அனுப்புபவர்களில் பலர் முறையான செவிலியர் படிப்பு படித்தவர்கள் அல்ல; குளிப்பாட்ட, தூக்கி உட்காரவைக்க உதவுவார்கள், வலி மருந்தின் பொறுப்பை அவர்களிடம் விட முடியாது.

வாடகை வீடு தனிக்கதை. மாம்பலத்தில், பெரம்பூரில் இரண்டாவது மாடி ஒற்றைப் படுக்கையறை வீட்டில், ஸ்ட்ரெச்சர் திரும்பாத படிக்கட்டு. வீட்டு ஓனர் வாடகை வாங்க வரும் சாக்கில், "ரொம்ப முடியலைன்னா ஆஸ்பத்திரில சேர்த்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்: சாவு இந்த வீட்டில் வேண்டாம். ஃப்ரீசர் பெட்டியை எங்கே வைப்பது, பந்தல் எங்கே போடுவது என்பதெல்லாம் உயிரோடு இருக்கும்போதே யோசிக்கக் கூடாத விஷயம் என்று தள்ளிப்போட்டு, கடைசி நாளில் 108ஐ அழைக்கிறார்கள். 108 வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும். அதுதான் அதன் வேலை. வீட்டில் வைத்துப் பார்த்த அத்தனை மாதமும் கடைசியில் எமர்ஜென்சி வார்டில் போய் முடிகிறது. இப்படி நெருக்கடி உள்ளவர்களுக்கு ஹாஸ்பிஸ்தான் நல்ல இடம் என்பேன்.

கேரளத்தோடு ஒப்பிட்டால் நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கம் அக்கம்பக்கத்தாரையே பழக்கித் தன்னார்வலராக்கியது. 2008இல் அந்த மாநில அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. பஞ்சாயத்து அளவில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்காருகிறார். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "இந்தப் பப்பாளி இலைச்சாறு கொடுத்துப் பார்த்தீங்களா" என்கிறார்.

ஹாஸ்பிஸ்: தள்ளிவிடும் இடமா?

இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் 1986இல் மும்பையில் தொடங்கிய சாந்தி அவேதனா. சென்னையில் மாத்தூரில் ஜீவோதயா, தி.நகரில் ஆர்எம்டி, பக்கத்தில் பெங்களூரில் கருணாஷ்ரயா. இவை பெரும்பாலும் நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. நன்கொடையில் ஓடுகின்றன. இலவசம் என்றதும் தர்ம ஆஸ்பத்திரியின் கூட்டத்தையும் நாற்றத்தையும் மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள், அமைதியான வார்டைப் பார்த்து முதலில் நம்பமாட்டார்கள்.

ஹாஸ்பிஸின் அருமை புண்ணில்தான் தெரியும். வாய்ப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும் தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் வலியைவிட நாற்றம்தான் ஆளைக் கொல்லும். பேரப்பிள்ளை கிட்டே வராது. சொந்தக்காரர்கள் வாசலோடு நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். நோயாளி தானாகவே மாட்டுக்கொட்டகைப் பக்கமோ பால்கனியிலோ கட்டிலைப் போட்டுக்கொள்வார். இதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? புண்ணை உப்புநீரில் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து மேலே தூவி, துணிபோட்டு மூடுகிறார்கள். வயிற்றுப்போக்குக்கு நாம் விழுங்கும் அதே மலிவான மாத்திரைதான். தினமும் இப்படிச் செய்துவந்தால் சில நாளில் நாற்றம் வெகுவாக அடங்கிவிடுகிறது. வீட்டில் செய்ய முடியாத வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் ரத்தம் கசியும் புண்ணைப் பெற்ற மகளே திறந்து கழுவுவது எல்லோராலும் ஆகிற காரியம் அல்ல. அதில் குற்றவுணர்வுப்பட எதுவுமில்லை.

ஹாஸ்பிஸ் ஒருவழிப் பாதையும் அல்ல. பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலே வேண்டாம் என்கிறார்கள். வலி கட்டுப்படாமல் வருகிறவரை வைத்திருந்து, மருந்தளவைச் சரிசெய்து, வீட்டுக்கு அனுப்புவதும் வழக்கம்தான். பார்த்துக்கொள்ளும் மகளுக்குத் தன் பிள்ளையின் பரீட்சை இருக்கிறது, அல்லது அந்த மகளுக்கே உடம்பு முடியவில்லை என்றால் சில நாள் வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு.

குறைகளும் உண்டு. தமிழ்நாட்டில் ஹாஸ்பிஸ் படுக்கைகள் மிகக் குறைவு. பெரிய நகரங்களை விட்டால் தேட வேண்டும். சில இடங்கள் புற்றுநோயாளிகளை மட்டுமே எடுக்கும். சிறுநீரகம் செயலிழந்தவர், மறதிநோய் வந்த முதியவர் போன்றவர்களுக்கு வாசல் திறப்பது கடினம். பயாப்ஸி அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, இனி நோயைக் குணமாக்கும் சிகிச்சை இல்லை என்று டாக்டர் எழுதிய கடிதம் கேட்பார்கள். எப்போது வேண்டுமானாலும் ஸ்கேன் எடுக்க, ரத்தம் ஏற்ற அங்கே வசதி இருக்காது. கடைசி நாளில் அழைத்துப் படுக்கை கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். நன்றாக நடமாடும்போதே ஒருமுறை போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வருவது நல்லது.

பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வீடுகளில் காசு கொடுத்துத் தங்கவைக்கும் முதியோர் இல்லங்களையும் இதே கணக்கில் சேர்க்கிறார்கள். சேர்ப்பதற்கு முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: மார்ஃபின் வைத்திருக்க அனுமதி உண்டா? நிலைமை மோசமானால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவீர்களா? பல இல்லங்கள் ஏற்றிவிடத்தான் செய்யும். அப்படியென்றால் கொடுக்கும் மாதக் கட்டணம் சாப்பாட்டுக்கும் அறைக்கும்தான்.

ஐசியூவுக்கு எப்போது போவது

ஐசியூ கூடவே கூடாது என்பது என் கட்சி அல்ல. புற்றுநோயாளிக்கும் சரிசெய்யக்கூடிய தொல்லைகள் வரும். ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆள் பிதற்றலாம், சோடியம் குறையலாம், சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், நெஞ்சில், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளலாம். திடீரென்று இரண்டு காலும் மரத்துப்போனால் தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். அன்றைக்கே போனால்தான் காலைக் காப்பாற்றலாம். எலும்புக்குப் பரவிய வலிக்கு ஒரே ஒரு வேளை கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தாலும் நல்ல பலன் கிடைப்பதுண்டு. இவற்றுக்கெல்லாம் ஆஸ்பத்திரிதான். உட்காரவோ பேசவோ சாப்பிடவோ திரும்ப முடியும் என்றால் போகலாம், டாக்டரிடம், "இதைச் சரிசெய்தால் எந்த நிலைமைக்குத் திரும்புவார்?" என்று கேட்டு அவர் பதிலை வைத்து முடிவெடுங்கள்.

உறுப்புகள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கிய பிறகு வென்டிலேட்டர் வேறு விஷயம். கையைக் கட்டிவைத்து, வாயில் குழாய் செருகி, பார்க்க வருகிறவர்களை ஐந்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். பில் ஒவ்வொரு நாளும் ஏறும். காப்பீடும் ஒரு கோணல்: முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமானாலும் தனியார் பாலிசியானாலும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பணம் வரும், வீட்டில் வைத்துப் பார்க்கும் ஏர் பெட்டுக்கும் டயப்பருக்கும் பெரும்பாலும் வராது. "இன்ஷூரன்ஸ் இருக்கே" என்ற ஒரே காரணத்துக்காக ஐசியூவில் சேர்க்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வென்டிலேட்டரைப் போடுவதற்கு முன் வேண்டாம் என்று சொல்வது எளிது. போட்ட பிறகு எடுப்பது கடினம். 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கண்ணியமான மரணத்தை அடிப்படை உரிமையின் பகுதியாக ஏற்று, குணமாக வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்துக்கு (லிவிங் வில்) அனுமதி தந்தது. நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற்றால் போதும். மாஜிஸ்ட்ரேட்டைத் தேட வேண்டியதில்லை. உயிர்காக்கும் கருவியை நிறுத்த வேண்டுமானால் மருத்துவமனையின் இரண்டு குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதிவைக்கவில்லை என்றாலும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதே பாதையில் போகலாம். நடைமுறையில் இவ்வளவு தூரம் போகாமல், "நாங்களே கூட்டிட்டுப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டு அழைத்துவருவதுதான் இங்கே வழக்கம். அப்படி வருவதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: டிஸ்சார்ஜ் ஆகும் நேரத்தில் வலி மருந்து எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றாது. கேட்டு வாங்குங்கள்.

நோயாளியைக் கேட்டீர்களா?

எந்த இடம் என்ற பேச்சில் நோயாளியைத் தவிர எல்லோரும் இருக்கிறார்கள். வாசலிலேயே எங்களை நிறுத்தி, "அவருக்கு எதுவும் தெரியாது, சொல்லிடாதீங்க" என்பார்கள். கொத்தனார் ஒருவர், நாக்கில் புற்றுநோய், உள்ளே கட்டிலில் இருந்தார். செவிலியர் கட்டுப்போட்டு முடித்ததும் குழறிய பேச்சில் ஒரே கேள்வி கேட்டார்: "சிஸ்டர், ஒரு சீட்டுக் கட்டிட்டிருக்கேன். கடைசி வரைக்கும் போகவா, இந்த மாசமே தள்ளி எடுத்துறவா?" தெரியாதவர் கேட்கிற கேள்வி இல்லை இது. செவிலியர், "எடுத்துடுங்கண்ணே" என்றார். அவர் தலையாட்டிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டு, எந்த ஊரில் இருக்க ஆசை என்பதையும் அன்றைக்கே சொன்னார்.

எல்லோரும் இப்படிக் கேட்டுவிடமாட்டார்கள். சிலருக்குத் தெரிந்துகொள்ள விருப்பமே இருக்காது. அதுவும் அவர்கள் உரிமை. ஆனால் "உடம்பு இப்படியே இருந்தா எங்க இருக்கணும்னு ஆசைப்படுறீங்கப்பா?" என்று கேட்க நோயின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ராத்திரி முறைக்கு இரண்டு ஆளும், சொந்த வீடோ சங்கடமில்லாத வீட்டு ஓனரோ, மார்ஃபின் தரும் மையமும் இருந்தால் வீடு. பக்கத்தில் உள்ள ஹாஸ்பிஸில் முன்பே பெயர் கொடுத்து வையுங்கள். உடைந்த புண், அடங்காத வலி, தனியாக இருக்கும் வயதான மனைவி, இதில் ஏதாவது ஒன்று என்றாலும் தயங்காமல் ஹாஸ்பிஸ். சொந்தக்காரர்கள் பேசத்தான் செய்வார்கள். பேசுகிறவர்களிடம் ஒரு ராத்திரி முறை கேட்டுப்பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் கடைசி இரண்டு மூன்று நாட்களுக்கென்று தனியாகத் தயாராக வேண்டும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். மூச்சு முட்டுகிறது என்று பதறி ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது இந்த இடத்தில்தான். விழுங்க முடியாத எச்சில் தேங்குவதால் வரும் சத்தம் அது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும், எச்சில் ஊறுவதைக் குறைக்க ஊசி மருந்தும் உண்டு. சாப்பிடவில்லையே என்று ட்ரிப்ஸ் ஏற்றச் சொல்லி வற்புறுத்துவார்கள். அந்தக் கட்டத்தில் உடம்பு ஏற்காத நீர் கைகாலிலும் நுரையீரலிலும்தான் தேங்கும். மார்ஃபினை விழுங்க முடியாவிட்டால் தோலுக்கடியில் சின்ன ஊசி பொருத்தி அதன் வழியே கொடுக்கலாம். இதைக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காகித வேலையிலும் மூன்றுக்கும் வித்தியாசம் உண்டு. ஆஸ்பத்திரியிலும் ஹாஸ்பிஸிலும் இறந்தால் மரணக் காரணச் சான்று அங்கேயே கிடைக்கும். வீட்டில் இறந்தால் பார்த்துவந்த டாக்டர் எழுதித் தர வேண்டும். அவர் இல்லாவிட்டால் மயானத்திலேயே இழுபறி தொடங்கும். நோய் ஆதரவுக் குழுவில் பதிவு செய்திருந்தால் அந்த டாக்டரையே கேட்கலாம். கிராமத்தில் விஏஓவிடமும், நகரத்தில் மாநகராட்சி அல்லது நகராட்சியிடமும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். குடும்ப பென்ஷனுக்கும் பேங்க் கணக்குக்கும் பிறகு அதைத்தான் கேட்பார்கள். மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளைக் குப்பையில் போடாமல், வாங்கிய மையத்திலேயே எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.